உள்ளங்கை அளவு நிலம்: எண்ணெய் வண்ணச் சிற்றோவியம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு ஆண்டுகளாக, வேலை போக மிஞ்சும் நேரத்தில், எண்ணெய் வண்ணத்தில் சின்னஞ்சிறு நிலக்காட்சிகளை வரைந்து வருகிறேன். கலைக் கல்லூரியில் படித்தவன் இல்லை. என் பலகைகளைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நேரில் பேசும்போது பாதிப் பதில் தொண்டையில் நின்றுவிடுகிறது. இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எவ்வளவு சிறியதாக இருந்தால் அதைச் சிற்றோவியம் என்கிறீர்கள்?

கையில் ஏந்திப் பார்க்க முடிய வேண்டும். அதுதான் என் அளவுகோல். என் பலகைகளில் பெரும்பாலானவை 9 செ.மீ. உயரம், 13 செ.மீ. அகலம். மிகச் சிறியது 5க்கு 7. சிற்றோவியச் சங்கங்கள் சில, வரையப்படும் பொருள் அதன் இயல்பான அளவில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. முகத்துக்கும் பூவுக்கும் அது சரி. மலையைச் சுவர் அளவுக்கு வரைந்தாலும் ஆறில் ஒரு பங்கைத் தொடாது என்பதால் நிலக்காட்சிக்கு அந்த விதியால் பயன் இல்லை.

சுவரில் தொங்கும் ஓவியத்தைத் தள்ளி நின்று பார்க்கிறோம். கையில் இருப்பதைக் கடிதம் படிப்பதுபோல, குனிந்து, ஒருவராகப் பார்க்கிறோம். இந்த நெருக்கத்துக்காகத்தான் நான் சிறிய அளவை விட்டு நகரவில்லை.

சிற்றோவியம் என்றாலே நீர்வண்ணம்தானே? ஏன் எண்ணெய்?

துடைக்க முடியும் என்பதால். எண்ணெய் வண்ணம் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஒரு மணி நேரம் வரைந்ததைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு துணியால் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பெரிய கித்தானில் அந்தத் துணிவு எளிதில் வராது. இங்கே இழப்பது உள்ளங்கை அளவு வண்ணம்தான். அதனால் பயம் விலகிவிடுகிறது.

அக்ரிலிக்கையும் ஓராண்டு முயன்றேன். இவ்வளவு சிறிய ஓவியத்துக்குக் கடுகளவு வண்ணம்தான் கலக்கிறோம். அந்தக் கடுகளவு, தூரிகை திரும்பி வருவதற்குள் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. வானத்தின் விளிம்பை மலையோடு மென்மையாகக் கலக்கவும் அது நேரம் தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் வண்ணத்துக்கு உடம்பு இருக்கிறது. மெல்லப் பூசினால் அடியிலிருப்பது கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். கெட்டியாக வைத்தால் மேடாகவே நிற்கும். ஒரு வெயில் கீற்றைக் கெட்டி வெள்ளையால் வைத்தால், அறையின் வெளிச்சமே அதன் முகட்டில் விழுந்து மின்னுகிறது.

பெரிய ஓவியத்தை அப்படியே சுருக்கினால் சிறிய ஓவியம் ஆகிவிடாதா?

ஆகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் ஆண்டில் ஒரு குளக்கரையை வரைந்தேன். எதிர்க்கரையில் பதினேழு மரங்கள். எண்ணி வைத்துக்கொண்டு, பதினேழையும் வரைந்தேன். கிடைத்ததிலேயே மெல்லிய தூரிகை, மேசை விளக்கு, உருப்பெருக்கி. மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு மரத்துக்கும் கிளை இருந்தது, தண்ணீரில் ஒவ்வொன்றுக்கும் நிழல் இருந்தது. முடித்துவிட்டுக் கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தபோது குளம் காணாமல் போயிருந்தது. தபால்தலையில் அச்சிட்டதுபோல ஒரு நெருக்கடி மட்டுமே மிஞ்சியது. எது முதன்மை என்று கண்ணுக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

சில மாதங்கள் கழித்து அதே கரையில் மாலையில் உட்கார்ந்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மெல்லிய தூரிகையை எடுக்க நேரமில்லை. விரல் அகலத் தட்டைத் தூரிகையால் வானத்தை மூன்று இழுப்பில் வைத்தேன். பதினேழு மரங்களும் ஒரே கருமைப் பட்டையாயின. தண்ணீரில் விழுந்த வெளிச்சத்தை ஒரு கீற்றாக, ஒருமுறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நாற்பது நிமிடம். அந்தப் பலகையில் குளம் இருந்தது, மாலை இருந்தது, குளிர்கூட இருந்தது.

பலகை சுருங்கினாலும் என் கை சுருங்குவதில்லை, தூரிகைத் தடமும் சுருங்குவதில்லை. பெரிய ஓவியத்தில் ஒரு புல்லாக இருக்கும் தடம் இங்கே ஒரு வயலாகிவிடுகிறது. ஒரு சறுக்கல் ஒரு குன்றாகிவிடுகிறது. ஒவ்வொரு தடத்துக்கும் எடை கூடுகிறது. எடை கூடும்போது எண்ணிக்கை குறைய வேண்டும். என் நல்ல ஓவியங்களில் நூற்றைம்பது தடங்களுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். ஆகவே சிறியதாக வரைவது என்பது எதையெல்லாம் விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதே. மீதிக் கேள்விகளுக்கான என் பதில்கள் எல்லாமே இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து வருகின்றன.

பழைய ஓவியர்கள் யாராவது இப்படிச் சிறியதாக வரைந்திருக்கிறார்களா?

நிறையப் பேர். பலர் இதைப் பயிற்சியாகவே செய்தார்கள், விற்க நினைக்கவில்லை. வேல்ஸ் ஓவியர் தாமஸ் ஜோன்ஸ் 1782 வாக்கில் நேப்பிள்ஸ் நகரில் ஒரு சுவரை வரைந்தார். தாளில் எண்ணெய் வண்ணம். ஏறத்தாழ 11க்கு 16 செ.மீ. இப்போது லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. காரை உதிர்ந்த சுவர், ஒரு கதவு, பால்கனிக் கைப்பிடியில் தொங்கும் துணிகள், மேலே ஒரு துண்டு நீல வானம். அவ்வளவுதான். அதன் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு சுவருக்கு முன்னால் இவ்வளவு நேரம் நிற்க முடியும் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

அதே காலத்தில் ரோம் நகரைச் சுற்றித் தாளில் எண்ணெய்ப் பயிற்சிகள் செய்தவர் பிரெஞ்சு ஓவியர் வலான்சியென். வெளியில் வரைபவர் ஒரு காட்சிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, விடியலும் அந்தியும் என்றால் அரை மணிதான் என்பது அவர் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை. இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து குவித்தார். அவை என் பலகைகளைவிடப் பெரியவை. பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 1889 ஆகஸ்டில் மெல்போர்னில் நடந்த கண்காட்சி. டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்லஸ் காண்டர் முதலியோர் சுருட்டுப் பெட்டி மூடிகளில் வரைந்த ஓவியங்களைத் தொங்கவிட்டார்கள். மூடியின் அளவு 9க்கு 5 அங்குலம் என்பதால் கண்காட்சிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு நாளிதழ் விமர்சகர் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஓவியர்கள் அந்த விமர்சனத்தையே வாசலில் குத்தி வைத்தார்கள். வீணாகும் மூடி ஒன்றில் ஒரு பொழுதைப் பிடித்துவிடலாம் என்ற அவர்களுடைய உறுதிதான் என்னை இன்றும் மேசைக்கு இழுக்கிறது.

எந்தப் பரப்பில் வரைவது நல்லது? கித்தான் உதவுமா?

என் அளவுக்குக் கித்தான் உதவாது. அதன் இழைகள் தூரிகைத் தடத்தோடு போட்டி போடுகின்றன. 9 செ.மீ. வானத்தில் நெசவு தெரிந்தால் அது வானமாக இருக்காது, துணியாக இருக்கும்.

நான் பயன்படுத்துவது 3 மி.மீ. தடிமனுள்ள அழுத்தப்பலகை. முதலில் எல்லாப் பக்கமும், விளிம்பு உட்பட, பலகையின் துளைகளை அடைக்கும் ஒரு பூச்சு. பிறகு ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிக்க உதவும் வெள்ளை அடிப்பூச்சு, மூன்று முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து. பின்புறத்தையும் பூசாவிட்டால் ஈரக்காற்றில் பலகை வளையும். கண்ணாடிபோல வழவழப்பாகத் தேய்த்துவிடாதீர்கள். வண்ணம் பிடிக்காமல் வழுக்கும். முதல் தடத்தை இரண்டாவது தடம் தூக்கிக்கொண்டு வந்துவிடும். விரல் நுனியால் தடவினால் மெல்லிய சொரசொரப்பு தெரிய வேண்டும்.

தாளிலும் வரையலாம், அதையும் முதலில் பூசித் தயார் செய்தால். பூசாத தாளில் எண்ணெய் ஊறி, காலப்போக்கில் தாள் பழுத்து நொறுங்கும். செப்புத் தகடு பழமையான பரப்பு. ஜெர்மானிய ஓவியர் ஆடம் எல்ஸ்ஹைமர் 1609-இல் நிலவும் பால்வீதியும் கொண்ட இரவுக் காட்சியைச் செம்பில்தான் வரைந்தார். நானும் நான்கு செப்புத் தகடுகளில் வரைந்திருக்கிறேன். அடியிலிருந்து ஒரு வெம்மை கசிகிறது. அந்திக் காட்சிக்கு அதற்கு இணை இல்லை. பகல் காட்சிக்கு மட்டும் எனக்கு அது கைவரவில்லை.

மிக மெல்லிய தூரிகைதானே வேண்டும்?

கையாளக்கூடியதிலேயே பெரியது வேண்டும். நான் முக்கால்வாசி ஓவியத்தை 10 மி.மீ. அகலத் தட்டைத் தூரிகையால் முடிக்கிறேன். அதன் முழு அகலம் வானத்துக்கு, ஓரம் மலை முகட்டுக்கு, மூலை மரக்கிளைக்கு. 5 மி.மீ. தட்டை ஒன்று, நீண்ட மெல்லிய முடிகொண்ட கோட்டுத் தூரிகை ஒன்று, வண்ணம் கலக்கும் சிறிய பேலட் கத்தி ஒன்று. தூரிகை எண்களை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நான்காம் எண் இன்னொன்றின் இரண்டாம் எண்ணாக இருக்கிறது. அகலத்தை அளந்து வாங்குங்கள்.

கோட்டுத் தூரிகையைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் தொடுவதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன்.

எத்தனை வண்ணங்கள் வைத்திருக்கிறீர்கள்?

ஐந்து: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், எலுமிச்சை மஞ்சள். அந்திவானம் என்றால் மட்டும் ஆறாவதாக ஒரு குளிர்ந்த சிவப்பு. பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும் என்பதால், நிலைத்து நிற்கும் மாற்று நிறமியைத் தேர்ந்தெடுங்கள்.

பச்சை டியூப் வைத்திருப்பதில்லை. நீலத்தையும் இரண்டு மஞ்சள்களையும் கலந்தாலே புல்லுக்கும் மரத்துக்கும் தொலைவுக்கும் வெவ்வேறு பச்சை கிடைக்கிறது. எல்லாம் ஒரே குடும்பத்தில் பிறப்பதால் தங்களுக்குள் சண்டை போடுவதில்லை. கறுப்பும் இல்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தால் கறுப்பை நெருங்கும் ஆழ்ந்த நிறம் வரும். நீலத்தைக் கூட்டினால் மழைமேகம், சியென்னாவைக் கூட்டினால் ஈரமண். என் ஓவியங்களின் சாம்பல் நிறங்கள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தும் வெள்ளையிலிருந்தும் பிறந்தவைதான்.

வெள்ளையில் கவனமாக இருங்கள். டைட்டானியம் வலிமையானது. சற்றுக் கூடினால் நிழலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிவிடும். வெளிச்சத்துக்கு ஒரு தூரிகை, நிழலுக்கு ஒரு தூரிகை என்று பிரித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஓர் ஓவியத்தைத் தொடக்கத்திலிருந்து எப்படிச் செய்கிறீர்கள்?

பழந்தமிழ் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. மரமும் பறவையும் விலங்கும் கருப்பொருளாகப் பிறகுதான் வருகின்றன. கவிதைக்காகச் சொன்னதுதான். ஆனாலும் பலகைக்கு முன் உட்காரும்போது எனக்கு இதைவிட நல்ல வரிசை தெரியவில்லை. என்ன நிலம், என்ன பொழுது? இரண்டுக்கும் பதில் தெரியும்வரை வண்ணத்தைத் தொடுவதில்லை.

பலகையை முன்கூட்டியே பர்ன்ட் சியென்னாவின் மெல்லிய பூச்சால் மூடிக் காயவைத்திருப்பேன். வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தோன்றும். வெதுவெதுப்பான இடைநிறம் அந்த மயக்கத்தைத் தடுக்கிறது. தடங்களுக்கிடையே அது ஆங்காங்கே எட்டிப் பார்ப்பதும் ஓவியத்துக்கு உயிர்.

அடுத்து, தாளில் பென்சிலால் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம், இடைநிலை, இருள் என்ற மூன்று திட்டுகள் மட்டும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் காட்சி தானாகவே இந்த மூன்றாகப் பிரியும். எது பெரிய திட்டு, எது சிறியது என்று முடிவு செய்கிறேன். மூன்றும் சம அளவில் இருந்தால் ஓவியம் செத்துப் பிறக்கும். பெரும்பாலும் வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுப்பேன், இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு. நடுவில் கோடு கிழித்ததுபோலத் தொடுவானம் அமைந்த என் ஓவியங்கள் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

பலகையில் முதலில் இருண்ட திட்டுகளை, கரைத்த வண்ணத்தால் மெல்லியதாகக் குறிக்கிறேன். பிறகு வானம். நிலத்தின் மேல் விழும் வெளிச்சம் வானத்திலிருந்து வருவதுதான். அதன் அளவு தெரியாமல் தரையின் நிறத்தைக் கணிக்க முடியாது. வானத்திலிருந்து தொலைமலை, இடைநிலம், முன்நிலம் என்று என்னை நோக்கி வருகிறேன். ஒவ்வொரு தடத்தையும் தட்டில் கலந்து, கத்தி முனையில் எடுத்துக் காட்சிக்கு நேரே நீட்டிப் பார்த்து, சரியென்றால்தான் வைக்கிறேன். பலகையில் வைத்த பிறகு அதைத் தேய்ப்பதில்லை. தேய்த்தால் இரண்டு நல்ல நிறங்கள் ஒரு சேறாகிவிடும்.

கடைசியில், மிக வெளிச்சமான இடம் ஒன்று, மிக இருண்ட இடம் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஈரத்தின் மேலேயே எல்லாவற்றையும் வரைந்துவிட்டால் நாற்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இவ்வளவு சிறிய இடத்தில் தொலைவை எப்படிக் காட்டுகிறீர்கள்?

காற்றை வரைந்துதான். நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. நீலம் அதிகம் சிதறுகிறது. அதனால் தொலைவிலிருக்கும் நிழல் வெளிறி நீலம் பூண்டு தெரிகிறது. தூரம் போகப்போக நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு ஒடுங்குகிறது. பச்சையிலிருந்து மஞ்சள் முதலில் விடைபெறும். அருகிலுள்ள மரம் மஞ்சள் கலந்த பச்சை, அடுத்த வரிசை நீலப்பச்சை, அதற்கடுத்தது வெறும் நீலச் சாம்பல்.

என் பழைய ஓவியங்களில் மலைகள் எல்லாம் மிக இருட்டாக இருக்கும். மலை கருப்பு என்று மூளை சொன்னதைக் கேட்டு வரைந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் சிறு துளை போட்டு, அதன் வழியே மலையை மட்டும் தனியே பார்த்தபோது, அது வானத்தைவிட ஒரு சாயல்தான் அடர்த்தி என்று தெரிந்தது. அந்தத் துளைத் தாளை இன்றும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

விளிம்பும் தொலைவைச் சொல்லும். தொலைமலையின் முகட்டை ஈர வானத்தோடு மென்மையாக விடுங்கள். முன்னிருக்கும் பாறைக்கு மட்டும் வெட்டிய விளிம்பு. தடத்தின் தடிமனும் அப்படியே: தூரத்தில் மெலிது, அருகில் கெட்டி.

மரத்தின் இலைகள், மனிதர்கள், பறவைகள்?

இலைகளை நான் வரைவதில்லை. மரம் ஒரு திரள். அதன் வெளிச்சப் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று, நடுவில் வானம் தெரியும் இரண்டு மூன்று ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் வானத்தின் அதே நிறத்தை வைத்தால் ஒட்டுப்போட்டதுபோலத் துருத்தும். ஒரு சாயல் அடர்த்தியாக வையுங்கள். மரத்துக்குள் போய் உட்காரும்.

மனிதர் என்றால் 3 மி.மீ. உயரத்தில் ஒரு தடம், மேலே ஒரு புள்ளி. தலையை நாம் எப்போதும் பெரிதாக வைத்துவிடுகிறோம், இன்னும் சிறிதாக்குங்கள். பாதம் வேண்டாம். அந்த ஒரு தடம் வந்ததும் பக்கத்திலுள்ள குன்று திடீரென்று உயர்ந்துவிடும். பறவைகளை விட்டுவிட்டேன்.

நேரில் பார்த்து வரைய வேண்டுமா, புகைப்படம் போதுமா?

முடிந்தவரை நேரில். சிறிய அளவின் மிகப் பெரிய பயன் இதுதான்: வெளிச்சம் மாறுவதற்குள் முடித்துவிடலாம். சூரியன் நகர்ந்து நிழல் இடம் மாறச் சுமார் ஒரு மணி நேரம் போதும். பெரிய கித்தானை அந்த நேரத்தில் மூடக்கூட முடியாது.

புகைப்படம் நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது, அல்லது வானத்தை வெளுத்துவிடுகிறது. நிழலுக்குள் கண் பார்க்கும் ஊதாவும் பச்சையும் அதில் இருப்பதில்லை. நேரில் போக முடியாத நாட்களில் நானும் புகைப்படம் பார்த்து வரைகிறேன். நான் நின்று பார்த்த இடமாக இருந்தால் மட்டும், பென்சில் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

மூடியோடு கூடிய சிறிய மரப்பெட்டி ஒன்றே என் பட்டறை. மூடியின் உட்புறம் பலகையைத் தாங்கும், கீழே தட்டு, அடியில் தூரிகைகள். டியூப்கள் இல்லாத காலத்தில் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப் போனார்கள். அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841-இல் மடங்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வெளியில் வரைவது எளிதாயிற்று. ஈரப் பலகைகளைத் திரும்பக் கொண்டுவர, இரண்டை முகத்தோடு முகம் வைத்து, நான்கு மூலையிலும் தீக்குச்சித் துண்டு கொடுத்து, ரப்பர் பட்டையால் கட்டுகிறேன். மூலையில் நான்கு புள்ளிகள் அழியும், வீட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

உருப்பெருக்கி தேவையா?

வரைவதற்குத் தேவையில்லை. கடைசியில் தூசு எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பார்த்தபடி வரைந்தால், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாததை வரைந்துகொண்டிருப்போம்.

காய எவ்வளவு நாள்? வார்னிஷ் எப்போது?

எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. அதனால் காற்றோட்டமும் வெளிச்சமும் வேண்டும். மெல்லிய பகுதி சில நாட்களில் தொடும் பதத்துக்கு வரும். கெட்டித் தடத்துக்கு வாரங்கள் ஆகலாம். நிறமியும் வேறுபடும்: அம்பர் எனும் பழுப்பு மண் நிறங்கள் விரைவில் காயும், காட்மியம் மஞ்சள் தாமதிக்கும். ஆளிவிதை எண்ணெய் வலுவான படலம் தரும், சற்று மஞ்சளிக்கும். வால்நட் எண்ணெய் குறைவாக மஞ்சளிக்கும், மெதுவாகக் காயும். இரண்டாவது நாளும் வரைவதென்றால் மேல் அடுக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்கட்டும். கீழே எண்ணெய் மிகுந்து மேலே குறைந்தால், மேல் அடுக்கு முதலில் இறுகி, பிறகு வெடிக்கும்.

காயும்வரை தூசுதான் எதிரி. 9 செ.மீ. வயலில் விழுந்த ஒரு முடி, சாய்ந்த மரம்போலக் கிடக்கும். பலகைகளை ஒரு தட்டில் பரப்பி, மேலே காற்றுப்புகும் வகையில் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறேன். அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள். முதல் ஆண்டு ஓவியங்கள் பத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு எட்டு மாதம் கழித்து எடுத்தேன். வானமெல்லாம் பழுப்பேறி இருந்தது. மனம் உடைந்து ஜன்னலோரம் அடுக்கி வைத்தேன். சில வாரங்களில் பெரும்பகுதி தெளிந்துவிட்டது. இருட்டில் ஏறும் மஞ்சள் வெளிச்சத்தில் இறங்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுப்பேன். கெட்டித் தடங்கள் இருந்தால் ஓராண்டு.

வீட்டுக்குள் வரைவது பாதுகாப்பானதா?

சில பழக்கங்களைக் கடைப்பிடித்தால். டர்பென்டைனை நான் நிறுத்திவிட்டேன். வரையும்போது தூரிகையைத் தாவர எண்ணெயில் அலசித் துணியில் துடைக்கிறேன். முடித்ததும் சோப்பும் தண்ணீரும். ஜன்னல் திறந்திருக்கும்.

எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். ஒருமுறை நான் சுருட்டி வைத்த துணியைத் தற்செயலாகத் தொட்டபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நொடியை மறக்கவில்லை. இப்போது துணிகளைத் தனித்தனியாக விரித்து வெளியில் காயப்போடுகிறேன், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் அமிழ்த்துகிறேன்.

சிறியதாக வரைபவர்களுக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்று உண்டு: தூரிகை முனையைக் கூராக்க உதட்டில் வைத்துக்கொள்வது. காட்மியம், கோபால்ட், ஈயம் கலந்த நிறமிகள் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம்.

சட்டகம் எப்படிப் போடுவது?

ஓவியத்தைச் சுற்றி நிறைய வெற்றிடம் விடுங்கள்; 9க்கு 13 ஓவியத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 6, 7 செ.மீ. ஆகும். கண்ணாடி வேண்டாம்.

நன்றாக வரும் சிறிய ஓவியத்தைப் பிறகு பெரிதாக்கலாமா?

மூன்று முறை முயன்றேன், மூன்றும் தோற்றன. குளக்கரை ஓவியத்தில் தண்ணீரின் மேல் ஒரே கீற்றாக வைத்தது, 60 செ.மீ. கித்தானில் கை நீளப் பட்டையாகி, உள்ளே ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று நின்றது. அதை நிரப்ப அலைகளை வரைந்தேன். அலைகள் வந்ததும் அமைதி போயிற்று. பெரிய ஓவியத்துக்கு அதற்கேயுரிய கேள்விகள் இருக்கின்றன. நேரில் போய் மறுபடி பார்த்துத்தான் அவற்றுக்குப் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொடங்குபவர் முதலில் என்ன வரையலாம்?

ஒரே ஜன்னல், ஒரே மரம், முப்பது பலகைகள். காலை, நண்பகல், மழை, பனி என்று பொழுது மட்டும் மாறட்டும். புதிய இடம் தேடி அலைவதில் போகும் நேரம் மிஞ்சும். ஏறத்தாழ அறுபதாவது பலகையில்தான் என் வானம் வானமாக நின்றது.

பலகையின் பின்புறம் என்ன எழுதுகிறீர்கள்?

நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, பயன்படுத்திய வண்ணங்கள். சில சமயம் ஒரு வரி கூடும். இப்போது கையிலிருக்கும் ஒன்றில் இப்படி இருக்கிறது: "மாலை 5.10. மேற்குக் காற்று. மழை வந்துவிட்டது, 5.35. வலது ஓரம் முடியவில்லை." முன்பக்கம் திருப்பினால், வலது ஓரத்தில் சியென்னாப் பூச்சு அப்படியே வெறுமையாக இருக்கிறது. ஈர வானத்தில் மூன்று இடங்களில் மழைத்துளி விழுந்த பள்ளம், வண்ணத்தோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கிறது. அவற்றை நான் மூடவில்லை.